பின்னால் நடக்கிறவன்

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரில் எத்தனை முட்டை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தார்கள். இதற்கு ஆதாரம் இருக்கிறது. எண்ணிக்கைக்கு ஆதாரம் கிடையாது. ஆகவே பல முட்டைகள் என்று சொல்லலாம். ஏராளமான முட்டைகள் என்றுகூடச் சொல்லலாம், நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஒரு லட்சத்து ஆயிரத்து ஒன்று என்று சொல்லக் கூடாது.

அற்புதராஜ் அப்படித்தான் சொன்னான். எட்டு வருஷம், வாரத்துக்கு நான்கு நாள், ஒரு லட்சத்து ஆயிரத்து ஒன்று. அந்தக் கடைசி ஒன்றைச் சொல்லும்போது ஒரு விரலை உயர்த்திக் காட்டுவான். சுற்றுலாப் பயணிகள் சிரிப்பார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். "வாயிலேர்ந்துதான் வந்துச்சு அண்ணே" என்றான்.

நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள், தாளும் பேனாவும் கொடுத்தீர்கள், தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள். நன்றி. என்னை யாரும் அழைத்து வரவில்லை. பூன் லேயிலிருந்து பஸ் பிடித்து இந்தப் போலீஸ் நிலையத்துக்கு நானாகத்தான் வந்தேன். என் பெயர் சூசைநாதன், வயது ஐம்பத்தாறு. 1971இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் மூடும்வரை அங்கே குமாஸ்தா. பிறகு பயிற்சி எடுத்து, உரிமம் வாங்கி, சுற்றுலா வழிகாட்டியாக இருந்தேன். அற்புதராஜ் என்னோடு வேலை செய்தவன், என்னைவிட ஆறு வயது இளையவன். மூன்று வருஷத்துக்கு முன், 1984 ஆகஸ்டில், கோல்மன் தெருவுக்குப் போகும் ஒரு சந்தில் கட்டடப் பள்ளத்தில் விழுந்து இறந்தான். அந்தக் கோப்பு உங்களிடம் இருக்கும். அதில் ஒரு தவறு இருக்கிறது. தவறுகளை என்னால் அப்படியே விட முடிவதில்லை.

எங்கள் வேலை நடை, சிங்கப்பூரை நடந்தே சுற்றிக் காட்டுவது. சிராங்கூன் ரோட்டில் பூமாலைக் கடைகளில் ஆரம்பித்து, வீரமாகாளியம்மன் கோயில் பார்த்து, தெற்கே வந்து செயின்ட் ஆண்ட்ரூஸ், பாடாங் மைதானம், ராஃபிள்ஸ் சிலை, கவனா பாலம், கடைசியில் சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். மூன்றரை மணி நேரம். இருபது, முப்பது பேர் வருவார்கள் என்பதால் நிறுவனம் இரண்டு பேரை அனுப்பும். ஒருவர் முன்னால் பேசிக்கொண்டு போவார். ஒருவர் கடைசியில், யாரும் வழி தவறாமல் பார்த்துக்கொண்டு வருவார். முன்னால் போகிறவரைத் தலை என்றும் பின்னால் வருகிறவரை வால் என்றும் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நான் வால்.

தலையாக இருப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. பேசும்போது கூட்டத்துக்கு முதுகு காட்டக் கூடாது. ஆகவே ஜனங்களைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க வேண்டும். அற்புதராஜ் இதில் கெட்டிக்காரன். வழிகாட்டியாக வருவதற்கு முன் சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே கடைக்குள் பின்பக்கமாக நடந்து பழகியவன். ஆனால் தெரு, கடை இல்லை. 1976இல், நாங்கள் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்த மாதமே, கேம்பல் லேனில் லோங்காங்கில் விழுந்தான். லோங்காங் என்றால் தெருவோரச் சாக்கடை, இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். முழங்கால்வரை சேறு. "இதுவும் டூரில் சேர்த்திதான், கூடுதல் கட்டணம் கிடையாது" என்று ஆங்கிலத்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தான். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் சொன்னான்:

"அண்ணே, நீங்க ஆறடி. கடைசியில நின்னாலும் எல்லார் தலைக்கும் மேல எனக்குப் பின்னால இருக்கிறது உங்களுக்குத் தெரியும். தமிழ்ல சொல்லிடுங்க. படி, லோங்காங், தூண், பள்ளம். ஒண்ணும் இல்லாட்டி சரின்னு சொல்லுங்க. வெள்ளைக்காரனுக்கு என்ன புரியப் போகுது?"

அப்படியே செய்தோம். நான் "படி" என்பேன், அவன் பேச்சை நிறுத்தாமலே காலை உயர்த்துவான். "தூண்" என்பேன், தோளை ஒதுக்குவான். வழி சுத்தமாக இருந்தால் பத்தடிக்கு ஒரு தடவை "சரி" என்பேன். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்ததில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. நானும் ஒரு தடவைகூடத் தவறாகச் சொன்னதில்லை.

கஷ்டம் எங்கே வந்தது என்றால், அந்தச் சரியில்தான். அவன் சொல்வது முழுவதும் பொய். ராஃபிள்ஸ் சிலை ஏன் கைகட்டி நிற்கிறது என்றால், சிற்பிக்கு விரல் செதுக்க வராதாம். கவனா பாலத்தில் மாடு, குதிரை போகக் கூடாது என்று பலகை இருப்பதற்குக் காரணம், ஒரு யானை ஆற்றில் விழுந்ததாம். பலகையில் இருப்பது எடைக் கட்டுப்பாடு. யானை என்ற சொல்லே அதில் இல்லை. நான் பின்னால் வழியைப் பார்த்து "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டு வருவேன். 1980 வாக்கில் ஓர் ஆஸ்திரேலிய அம்மாள் அவனைக் கேட்டாள், அந்த உயரமான மனிதர் அடிக்கடி ஏதோ சொல்கிறாரே, அது என்ன என்று. அற்புதராஜ் சற்றும் யோசிக்காமல் சொன்னான்: "அது தமிழில் உண்மை என்று அர்த்தம். அவர் எங்கள் சரித்திர ஆசிரியர். நான் சொல்வதையெல்லாம் அவர்தான் சரிபார்த்து ஒப்புக்கொள்கிறார்."

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதைச் சொன்னான். யானை விழுந்தது என்பான், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், அவனுக்குப் பின்னால் விளக்குக் கம்பம் இல்லை என்பதால் நான் "சரி" என்றாக வேண்டும். வேறு சொல் வைத்துக்கொள்வோம் என்று கெஞ்சினேன். "போ" என்று சொல்கிறேன், "ம்" என்று சொல்கிறேன் என்றேன். "சரின்னு காதுல விழுந்தாத்தான் கால் போகுது அண்ணே. பழகிப் போச்சு லா" என்றான். என் வாயாலேயே அவன் பொய்க்கு முத்திரை குத்தவைத்தான். எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் முன்னால் நடந்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1978இல் அவனுக்கு அம்மை போட்டபோது பத்து நாள் நான்தான் தலை. ஸ்டாம்ஃபர்டு ரோடு நூலகத்தில் ஆறு வருஷம் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள் எல்லாம் மனப்பாடம். தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள், எந்த ஆண்டு தொடங்கினார்கள், எந்த ஆண்டு முடித்தார்கள், சாந்தை எப்படி அரைத்தார்கள், எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். முதல் வரிசையில் நின்றவர் கொட்டாவி விட்டார். பாடாங் வந்து சேர்வதற்குள் ஆறு பேர் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்கள். ஒரு பெண் மிகவும் மரியாதையாக, அந்த வேடிக்கையான மனிதர் நாளைக்கு வருவாரா என்று கேட்டாள்.

எங்கள் மேலாளர் தங்கராஜு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "சூசை, நீங்க ஒரு என்சைக்ளோபீடியா. நான் ஒத்துக்கிறேன். ஆனா லீவுல வர்றவன் என்சைக்ளோபீடியாவோட வாக்கிங் போவானா, சொல்லுங்க?"

உண்மையைச் சொல்கிறவனை ஜனங்களுக்குப் பிடிப்பதில்லை என்று நான் புரிந்துகொண்டேன். அதில் எனக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. பொய் சொன்னால் என்னையும் கேட்பார்கள், நான் சொல்ல மறுக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிக்கொள்வேன். அதை வைத்துத்தான் மறுபடி கடைசியில் போய் நின்றேன்.

1979 டிசம்பரில் ஒருநாள் நல்ல மழை. பயணிகளைத் தேவாலயத்துக்குள் அனுப்பிவிட்டு, நானும் அற்புதராஜும் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். அந்த வாரம்தான் என் தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று எனக்குக் கிடைத்திருந்தது. அதில் தகப்பன் பெயர் மருதப்பன், கைதி, சுண்ணாம்பு அரைக்கும் வேலை என்று எழுதியிருந்தது. எங்கள் குடும்பம் கணக்கர் குடும்பம் என்றுதான் அப்பா கடைசிவரை சொல்லிவந்தார். என் மனைவி அல்போன்சம்மாளிடம்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றபோது மனசு நிரம்பிவிட்டது, அவனிடம் சொல்லிவிட்டேன். அற்புதராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப இது உங்க வீட்டுச் சுவரு அண்ணே" என்றான்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு அவன்மேல் எனக்கு அன்புதான் இருந்தது. இதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் கதை தயாராக இருந்தது. மருதப்பன் என்று ஒரு கைதி, முட்டை உடைக்கும் வேலையில் இருந்தான், பத்து முட்டைக்கு இரண்டு அவன் வயிற்றுக்குள் போய்விட்டது, அதனால்தான் சுவரின் அந்த மூலையில் மட்டும் பளபளப்பு குறைவு. "நம்பாதவர்கள் திரும்பிப் பாருங்கள், அவருடைய கொள்ளுப் பேரன் உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார். பையில் அவித்த முட்டை வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை." எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் திரும்பும் நேரத்தில் இவன் தொப்பியைக் கழற்றி, நாலடி பின்னால் போய், நாடகக்காரன் மாதிரி குனிந்து நிற்பான். மறுபடி இவன் பக்கம் திரும்பிக் கை தட்டுவார்கள். தேவாலயத்தை விட்டுச் சந்தில் நடக்கும்போதுதான் இதைச் சொல்வான், எப்போதும் அதே இடத்தில். அந்த நாலடிக்கும் நான் "சரி" சொல்ல வேண்டும்.

சான்றில் முட்டையைப் பற்றி எதுவும் இல்லை. சுண்ணாம்பு அரைத்தவர், முட்டை உடைத்தவர் அல்ல. அவர் என்ன குற்றம் செய்து வந்தார் என்பதும் அதில் இல்லை, ஆகவே நான் ஊகிக்க மாட்டேன். திருடர் என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. ஐந்து வருஷம், ஏறக்குறைய ஆயிரம் தடவை, முன்பின் தெரியாத ஜனங்கள் திரும்பிப் பார்த்து அவரை நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தங்கராஜுவிடம் புகார் போகும்.

பேரையாவது விட்டுவிடு என்று அவனிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, லூர்து மாதா கோயில் வாசலில் வைத்துக் கேட்டேன்.

"பேரு இருந்தாத்தான் கதை நிக்கும்ணே" என்றான். "நான் மருதப்பன்னு சொன்னதும் அவங்க அதைத் திருப்பிச் சொல்லிப் பாக்கிறாங்க, கவனிச்சீங்களா? நூறு வருஷமா அவரு பேரை யாரு சொன்னா? நான்தானே சொல்றேன்."

மறுக்க ஆதாரம் இல்லாத இடத்தில் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகமாகும்.

அல்போன்சம்மாள் எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். "விடுங்களேங்க. ரெண்டு நாள்ல கப்பல் ஏறிப் போறவங்க. அவங்க சிரிச்சா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?" வாயால் சொல்வது காற்றோடு போய்விடும் என்பது உண்மைதான், அந்த நினைப்பில்தான் ஐந்து வருஷம் ஓட்டினேன். ஆனால் 1984 ஜூலையில் நிறுவனம் ஒரு கையேடு போடுவதாக முடிவு செய்தது. அற்புதராஜின் பேச்சை அப்படியே தட்டச்சு செய்து, படங்களோடு, எல்லா ஹோட்டல்களிலும் வைப்பதற்கு. எழுத்துப் பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில் மருதப்பன் இருந்தார். வாயில் முட்டையோடு ஒரு கேலிச்சித்திரமும் இருந்தது.

அச்சில் ஏறிவிட்டால் பொய் மெய்யாகிவிடும். நாளைக்கு இன்னொருவன் அதே நூலகத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக் குறிப்பெடுப்பான். அறுபத்தொரு திருத்தங்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டிக் கொடுத்தேன். தங்கராஜு நான்கை ஏற்றுக்கொண்டார். நான்கும் காற்புள்ளி. வருகிற திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்று சொல்லிவிட்டார்.

அது நடந்தது அதற்கு முந்தின வியாழக்கிழமை. இருபத்திரண்டு பேர், எல்லாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள், பாதிப் பேர் ஜெர்மானியர்கள். எனக்குத் தெரியாமல் ஒரு விஷயம் நடந்திருந்தது. என் அவஸ்தையைப் பார்க்கச் சகிக்காமல், அல்போன்சம்மாள் அற்புதராஜின் மனைவி உர்சுலாவிடம் போய் அழுதிருக்கிறாள். இதை நான் அடக்கத்தன்றுதான் அறிந்தேன். உர்சுலாவே சொன்னாள். "உங்க திருத்தப் பேப்பரை ஆபீஸ்லேர்ந்து வாங்கிட்டு வந்து, புதன்கிழமை முழுக்க படிச்சாருண்ணே. அண்ணன் மனசு இவ்வளவு நொந்திருக்குன்னு எனக்குத் தெரியலையேன்னு சொன்னாரு. நாளைக்கு அவரு மூஞ்சியைப் பாக்கணும்னாரு."

ஆகவே பூமாலைக் கடையில் அவன் ஒரு பொய்யும் சொல்லாததைக் கவனித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீரமாகாளியம்மன் கோயிலில் ஆண்டுகள் சரியாக வந்தன. பிராஸ் பாசா ரோட்டிலும் சரியாக வந்தன. என் வாக்கியங்கள், என் குறிப்புகள், வரிசைகூட என்னுடையது. தேவாலயத்துக்கு முன் நின்று, எத்தனை முட்டை என்று யாருக்கும் தெரியாது என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள்.

இதைத்தான் நான் உங்களுக்குப் புரியவைக்க வேண்டும். அவர்கள் ரசித்தார்கள். ஒரு பொய்யும் இல்லாமல், ஓர் எண்ணைக்கூட மாற்றாமல், அவன் சொல்ல அவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். யாரும் ஐஸ்கிரீம் வாங்கப் போகவில்லை. கைதிகளின் காலில் விலங்கு இருந்ததைச் சொன்னபோது ஒரு ஜெர்மன்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். அந்த வரியை 1978இல் நான் சொன்னபோதுதான் அந்த மனிதர் கொட்டாவி விட்டார். நான் இத்தனை வருஷம் வைத்திருந்த ஒரே ஆறுதலை, தேவாலயத்து வாசலிலிருந்து சந்து முனை வருவதற்குள் அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான். அவன் அதைத் தெரிந்து செய்யவில்லை. எனக்குப் பரிசு கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சந்தில் பழைய கடைவீடுகளை இடித்துவிட்டு அடித்தளத்துக்குத் தோண்டியிருந்தார்கள். யார் எடுத்த வேலை என்று எனக்குத் தெரியாது. நடைபாதை வளையும் இடத்தில், பள்ளத்தைச் சுற்றிப் பலகை அடித்திருப்பார்கள். அன்று லாரி போவதற்காக இரண்டு பலகைகளைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து, நாற்பது அடி தூரத்திலேயே நான் அதைப் பார்த்துவிட்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை, அவன் முகத்தைவிட்டு யாரும் கண்ணை எடுக்கவில்லை. கீழே இரண்டு ஆள் ஆழம். அடியில் கம்பி கட்டி நிறுத்தியிருந்தார்கள். அதைக் காலையில் அந்த வழியாக வந்தபோதே பார்த்திருந்தேன். அப்போது பலகைகள் இருந்தன.

வழக்கமான இடத்தில் நின்று அவன் மருதப்பன் கதையை ஆரம்பித்தான். மருதப்பன் என்று ஒருவர் இருந்தார், அவர் செய்த குற்றம் என்னவென்று நமக்குத் தெரியாது, அவர் செய்த வேலை நமக்குத் தெரியும், சற்றுமுன் நீங்கள் அதைத் தொட்டுப் பார்த்தீர்கள் என்றான். இத்தனை வருஷம் நான் அவரைத் திருடர் என்று சொல்லி வந்திருக்கிறேன், அது பொய், அவருடைய கொள்ளுப் பேரன் ஒவ்வொரு நாளும் உங்களைப் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றான். எல்லாரும் திரும்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த வயதான பெண்மணியின் கண் கலங்கியிருந்தது.

அந்தக் கண்ணீர் அவன் வரவழைத்தது. என் கொள்ளுத் தாத்தாவுக்காக, என் குறிப்பிலிருந்து, அவன் வரவழைத்தது. என்னால் ஒருநாளும் முடிந்திராது.

இருபத்திரண்டு பேருக்கும் இப்போது முகம் என் பக்கம், முதுகு அவன் பக்கம். அவன் தொப்பியைக் கழற்றினான். அவர்கள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டு, தமிழில் கேட்டான்:

"சரியா அண்ணே?"

"சரி" என்றேன்.

அவன் நாலடி பின்னால் போனான்.

மரண விசாரணையில் இதைத்தான் சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். அவன் சொன்னது சரியா என்று கேட்டான், சரி என்றேன், அதை வழி சுத்தம் என்று எடுத்துக்கொண்டுவிட்டான் போலிருக்கிறது என்றேன். மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று விளக்கினார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர், நான் மிகவும் நெகிழ்ந்துபோயிருந்தேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தீர்ப்பில் விபத்து என்று வந்தது. கூடவே, பின்னால் வந்த வழிகாட்டி அச்சொல்லைக் கவனக்குறைவாகப் பயன்படுத்தினார் என்று ஒரு வரி.

மூன்று வருஷமாக அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. கவனக்குறைவு என்பது என் வாழ்க்கையிலேயே இல்லாத ஒன்று. கடற்படைத் தளத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன், என் கோப்பில் ஓர் எழுத்துத் திருத்தம் கிடையாது. எட்டு வருஷம் அவன் காலுக்கு நான் கண்ணாக இருந்தேன், ஒரு கல் தடுக்கவிட்டதில்லை. அன்றைக்கும் நான் முழுக் கவனத்தோடுதான் இருந்தேன். பலகை இல்லை என்று தெரியும். எத்தனை அடி என்று தெரியும். அவன் எதைக் கேட்கிறான் என்றும், என் பதிலை அவன் கால் எப்படி எடுத்துக்கொள்ளும் என்றும் தெரியும். பள்ளம் என்று சொல்வதற்கும் அதே நேரம்தான் ஆகும். அந்தச் சொல்லும் என் வாயில் இருந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். நான்தான் அவனைக் கொன்றேன். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கையேடு அவன் நினைவாக வெளிவந்துவிட்டது. ஒரு பொய்யைக்கூட மாற்றக் கூடாது, அது அவன் குரல் என்று தங்கராஜு சொல்லிவிட்டார். முதல் பக்கத்தில் அவன் படம், ஒன்பதாம் பக்கத்தில் முட்டை. உண்மையைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தேன் என்று முதலில் எழுத நினைத்திருந்தேன். எழுதிக்கொண்டு வரும்போது அது பொருந்தவில்லை, ஆகவே விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, கை தட்டுவதற்காக அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் அங்கே இல்லை. ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்து இரண்டு மூன்று விநாடி தட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கீழேயிருந்து ஒரு வேலைக்காரர் கத்தினார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஆள் அனுப்பினேன். யாரையும் பள்ளத்தின் பக்கம் விடாமல் சுவரோரமாக நிற்கவைத்தேன். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். வண்டி வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. அவர்களை அமைதிப்படுத்த ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா? ஆகவே அவர்களைப் பார்த்து நின்று, அவன் விட்ட இடத்திலிருந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். மருதப்பன், சுண்ணாம்பு, கைதிகள், ஆண்டுகள், எல்லாவற்றையும் நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன். இருபத்திரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் விலகிப் போகவில்லை, யாரும் கொட்டாவி விடவில்லை. ஆண்டு ஒன்றுகூடத் தப்பவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒருவர்கூடக் கை தட்டவில்லை.